அசல் வடிவம் என்பது யாருடைய வடிவம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்போர் தங்களுக்குள் படங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது எண்பலகையை மறைத்துவிடுவது வழக்கம். திருடர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் அஞ்சித் தொடங்கிய வழக்கம் அது. இப்போது அஞ்சவேண்டிய இடம் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அறுபது எழுபது ஆண்டுப் பழமையுள்ள ஒரு காரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தியது எப்படி, டிரம் பிரேக் இருந்த இடத்தில் டிஸ்க் பிரேக் வைப்பதற்கு எந்த லேத் பட்டறையில் என்ன அளவில் தகடு கடைந்தது என்றெல்லாம் ஒருவர் படத்தோடு எழுதினால், அதே காரை வைத்திருக்கும் இன்னொருவருக்கு அது பாடம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நினைத்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

மிகையாகச் சொல்வதன்று இது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத வகையில் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனிக்கவேண்டும். தாம் செய்த பத்து வேலைகளைப் பிறருக்குப் பயன்படட்டும் என்று விளக்கி எழுதுபவர், தமக்கெதிரான பட்டியலைத் தாமே போட்டுக் கொடுக்கிறார். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 52ஆம் பிரிவுக்கு விளக்கமளித்தது. உற்பத்தியாளர் வகுத்த மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது, விதிகள் இடம்கொடுக்கும் அளவுக்கு மட்டுமே மாற்றலாம் என்று கூறி, கேரள உயர் நீதிமன்றத்தின் முடிவை அது தள்ளியது.

பிறகு 2021 ஜூலையில் பழைய வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் ‘விண்டேஜ்’ எனப்படும். 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டுகளுக்குப் பதிவு; மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்காகச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. பதினைந்து ஆண்டு கடந்த எந்த வண்டியையும் உடைப்பதற்குரிய இரும்பாகவே பார்க்கும் மனநிலை வளர்ந்துவரும் காலத்தில், பழையதென்றால் போற்றத்தக்கதாகவும் இருக்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது பெரிய செய்திதான். உரிமையாளர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த வரையறையோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்தது. வண்டி அதன் மூலவடிவத்தில் பேணப்பட்டிருக்கவேண்டும். சேஸிஸ், உடற்கூடு, மற்றும் அல்லது எஞ்சினில் செய்யும் மாற்றத்தையும் உள்ளடக்கிய ‘கணிசமான ஓவர்ஹால்’ எதற்கும் அது ஆளாகியிருக்கக்கூடாது.

இந்த வாக்கியத்தை எழுதியவர்கள் ஒருநாளும் ஒரு மெக்கானிக்கோடு பேசியிருக்க வழியில்லை. இந்தியாவின் எந்த மொழியிலும் பட்டறைப் பேச்சில் ‘ஓவர்ஹால்’ என்பது நற்சொல். எஞ்சினை இறக்கி, பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, அளவு பார்த்து மறுபடி பூட்டுவது ஓவர்ஹால். ஐம்பது ஆண்டு ஓடிய எஞ்சின் ஒருமுறையேனும் ஓவர்ஹால் ஆகாமல் இருக்கிறதென்றால் அது ஓடவே இல்லை என்று பொருள். பராமரிப்பைக் குறிக்கும் சொல்லைக் கொண்டுவந்து விதி களங்கத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் ‘கணிசமான’ என்றோர் அடைமொழி. அதன் எல்லை எது என்பதற்கு விடை இல்லை. சிலிண்டரை அரை மில்லிமீட்டர் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது கணிசமா? ‘உள்ளடக்கிய’ என்ற சொல்லோ இன்னும் அபாயமானது. சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் என்ற மூன்றும் எடுத்துக்காட்டுகள் மட்டுமே என்றும் அதைப் படிக்கலாம். அப்படிப் படிக்கும் அதிகாரியின் முன்னால் பிரேக்கும் விளக்கும் ரேடியேட்டரும்கூடத் தப்பாது. மாநிலத்துக்கு மாநிலம் குழு அமைத்து வண்டிகளைப் பார்வையிடச் சொல்கிறது விதி. ஒரே வண்டி ஒரு மாநிலத்தில் மரபுச் செல்வமாகவும் இன்னொன்றில் சட்டமீறலாகவும் ஆகிவிட இத்தனை நெகிழ்ச்சி போதும்.

‘ஒரிஜினல்’ என்ற சொல் இந்நாட்டில் மூன்று பொருள்களில் வழங்குகிறது. டெல்லி காஷ்மீரி கேட்டிலோ கொல்கத்தா மல்லிக் பஜாரிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ உதிரிபாகம் கேட்பவரிடம் கடைக்காரர் ‘ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?’ என்பார். அங்கே அது தரத்தைப் பற்றிய வினா. கார் ஆர்வலரின் வாயில் அதே சொல், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலையைக் குறிக்கும். சட்டத்தில் அது பதிவேட்டோடு ஒத்துப்போவதைக் குறிக்கும். மூன்றும் வெவ்வேறு. தமிழில் அதற்கு நிகராக வழங்கும் ‘அசல்’ என்ற சொல்லே அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியே வந்து, வட்டிக்கடையில் முதலைக் குறித்து, இன்று ‘அசல் தமிழன்’ என்பதுவரை நடந்துவந்திருக்கிறது. வந்த வழியெல்லாம் மாறியதனால்தான் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கார் மட்டும் நின்ற இடத்தில் நிற்கவேண்டுமாம்.

நிற்கலாம். ஆனால் எதைக் குடித்துக்கொண்டு நிற்பது? அசல் வடிவத்தைக் கோரும் அதே அரசு, அந்தக் கார் குடிக்கும் எரிபொருளை இரண்டு முறை மாற்றிவிட்டது.

முதல் மாற்றம் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சை நீக்கிய நல்ல முடிவு அது. யாரும் அதற்காகக் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டுகளில் வெளியேற்று வால்வு வந்து அமரும் இருக்கையை அந்த ஈயத்தின் படிவே காத்துவந்தது. அது இல்லாதபோது, வேகமாக நெடுந்தொலைவு ஓட்டினால், வால்வு இருக்கையைச் சிறிதுசிறிதாகத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும், இடைவெளி குறையும், அழுத்தம் போகும், கடைசியில் வால்வு கருகும். தீர்வு, ஹெட்டைக் கடைந்து கடினப்படுத்திய எஃகு வளையங்களைச் செருகுவது. உலகெங்கும் எம்.ஜி., டிரையம்ஃப் உரிமையாளர்கள் செய்துகொண்ட மாற்றம் இது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விதியின் எழுத்தின்படி இது எஞ்சினில் செய்த மாற்றம்.

இரண்டாம் மாற்றம் இப்போது நடந்துகொண்டிருப்பது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-இல் நாடளாவிய கலப்பு அந்த அளவை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களை ஊதவைத்து இளக்கும். பெட்ரோல் மானிக்குரிய தக்கை மிதவைமீது பூசிய அரக்குப் பூச்சைக் கரைக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டரின் உட்புறத்தை அரிக்கும். இவை போக, ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், எத்தனாலுக்கு ஒன்பதே பங்கு போதும். பழைய அளவில் வைத்த கார்புரேட்டர் இந்தக் கலவையை வறட்சியாக எரிக்கும், எஞ்சின் சூடேறும். புதிய கார்களில் கணினி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். 1955-இன் எஸ்.யூ. கார்புரேட்டரில் கணினி இல்லை. ஒரு பித்தளை ஊசி இருக்கிறது. அந்த ஊசியை மாற்றவேண்டும், குழாய்களை மாற்றவேண்டும், தொட்டியின் உட்புறம் பூச்சு இடவேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் தந்தது. ஒரு அமைச்சகம் மாற்று என்கிறது, இன்னோர் அமைச்சகம் மாற்றாதே என்கிறது. இடையில் நிற்கும் உரிமையாளர் இரவில் பட்டறைக்குப் போய்ச் சொல்லாமல் மாற்றிக்கொண்டு வருகிறார்.

இதில் இன்னும் விந்தையானது 52ஆம் பிரிவின் ஒரு விலக்கு. சி.என்.ஜி.க்கோ எல்.பி.ஜி.க்கோ மின்கலத்துக்கோ வண்டியை மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கருவித்தொகுதியை, நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொருத்திக்கொள்ளலாம். ஆக, பழைய காரின் இதயத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு மின்மோட்டார் வைப்பதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. அதன் பழைய இதயம் புதிய பெட்ரோலில் துடிப்பதற்குரிய சிறு சிகிச்சைக்கு அப்படி எழுதிவைத்த வாசல் எதுவும் இல்லை.

சட்டத்தை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அதன் மொழி ஆர்வலர் உலகத்திலிருந்து இரவல் வாங்கியது. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் நடத்திவரும் பேரணியைப் போன்ற நிகழ்வுகளில், எவ்வளவு அசலாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு என்பது நெடுங்கால நியதி. தூய்மைவாதிகள் என்று ஒரு பிரிவினர் உண்டு. எஞ்சின் எண், சேஸிஸ் எண், பெயின்ட்டின் சாயல், திருகாணியின் தலை எல்லாம் தொழிற்சாலை ஏட்டோடு பொருந்தவேண்டும் என்பவர்கள். அவர்களுள் உண்மையான அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு காரின் பிறப்புநிலை எது என்பதே மறந்துபோயிருக்கும். ஆனால் அவர்கள் சொல்லும் தூய்மை வரலாற்றில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இருந்ததில்லை. ஜாகுவார் எக்ஸ்.கே. 120 கார் 1948-இல் லண்டன் கண்காட்சியில் வெளியானது. முதலில் வந்த ஏறத்தாழ 240 கார்களின் உடல், மரச்சட்டத்தின்மேல் அலுமினியம். தேவை பெருகியதும் எஃகுக்கு மாறிவிட்டார்கள். இரண்டில் எது அசல்? எம்.ஜி. நிறுவனம் தன் டி வரிசைக் கார்களுக்கு எஞ்சினைப் படிப்படியாக வலுவூட்டும் முறைகளை விளக்கும் கையேட்டைத் தானே வெளியிட்டது. ஹெட்டை எவ்வளவு சீவுவது, எந்த கார்புரேட்டருக்கு மாறுவது என்று உரிமையாளருக்கு உற்பத்தியாளரே பாடம் எடுத்தார். ஆஸ்டின்-ஹீலி 100 காருக்கு லீ மான்ஸ் பந்தயத்தின் பெயரால் ஒரு கருவித்தொகுதி விற்கப்பட்டது. அதைத் தொழிற்சாலையில் பொருத்திய கார்களும் உண்டு. வாங்கியபின் ஊர்ப் பட்டறையில் பொருத்திக்கொண்ட கார்களும் உண்டு. பாகங்கள் அவையே. ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், மற்றொன்றை ‘மாற்றப்பட்டது’ என்று விலை குறைக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்ற வகையே வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனர் பிடித்தவர்களை நம்பி வளர்ந்த வகை. அதை வாங்கியவன் மாற்றுவான் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை வேறொரு திசையில் ஆழமானது. விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் காரையும் அதன் உதிரிபாகத்தையும் இறக்குமதி செய்வது உரிமங்களாலும் வரியாலும் ஏறக்குறைய முடியாததாக இருந்தது. பழைய சமஸ்தானங்களின் கொட்டகைகளிலும் தேயிலைத் தோட்ட மேலாளர்களிடமும் இருந்த எம்.ஜி.க்களும் ஜாகுவார்களும் எதைக்கொண்டு உயிர்பிழைத்தன? பெரும்பாலும் அம்பாஸிடரைக்கொண்டு.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு வம்சாவளி தெரியாது. எம்.ஜி.ஏ. என்ற அழகிய ஸ்போர்ட்ஸ் கார் 1955-இல் வந்தபோது அதன் பானெட்டுக்குள் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசை எஞ்சின், 1489 சி.சி. உத்தர்பாராவில் 1957-இல் பிறந்த அம்பாஸிடர் முதலில் பக்கவால்வு எஞ்சினோடு ஓடி, சில ஆண்டுகளில் அதே 1489 சி.சி. பி வரிசை எஞ்சினுக்கு மாறியது. எம்.ஜி.ஏ.வுக்கு இரட்டை கார்புரேட்டர், அதிக அழுத்தம். டாக்ஸிக்கு ஒற்றை கார்புரேட்டர், குறைந்த அழுத்தம். மற்றபடி அவை உடன்பிறப்புகள். மொழிகளில் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இரு ஊர்களில் இரு வாழ்க்கை வாழ்வதுபோல ஒன்று கடற்கரைச் சாலைக்குப் போனது, மற்றொன்று ஹௌரா ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக்கு நின்றது. தாய்நாட்டில் அந்த எஞ்சின் 1980-இல் எம்.ஜி.பி. காரோடு ஓய்வுக்குப் போனது. இந்தியாவில் அதன் பாகங்கள் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தன. எம்.ஜி.ஏ.வுக்குள் அம்பாஸிடரின் கேஸ்கட்டும் வால்வும் போனது, வேண்டுமானால் முழு எஞ்சினே போனது, கலப்படமல்ல. பங்காளி வீட்டில் கைமாற்று வாங்கியது.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் கதையும் இப்படித்தான். 1962-இல் வந்த அந்த இரு இருக்கைக் கார், ஹெரால்டு காரின் சேஸிஸைச் சுருக்கி அதன்மேல் கட்டப்பட்டது. இரண்டின் வடிவமும் இத்தாலியின் மிக்கெலாட்டியுடையது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் கட்டிவந்தது. ஸ்பிட்ஃபயரின் முன்பக்கத்தைப் பிரித்தால் சென்னை மெக்கானிக்குக்கு அது பழகிய வீடு.

இந்த உறவுமுறைகளை எந்தத் தொழிற்சாலை ஏடும் பதிவு செய்யவில்லை. எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும், எங்கே ஒரு வாஷர் கூடுதலாக வேண்டும், எந்த பேரிங்கைச் சற்றுத் தேய்க்கவேண்டும் என்பதெல்லாம் மெக்கானிக்குகளின் கைகளில் இருந்தது, இருக்கிறது. அவர்களுள் பலர் எழுதுவதில்லை. அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பவர்கள் இந்த உரிமையாளர்கள்தாம். ஒருவர் கேள்வி கேட்கிறார், இன்னொருவர் தம் மிஸ்திரியிடம் கேட்டுச் சொல்கிறார், மூன்றாமவர் செய்துபார்த்துத் திருத்துகிறார். அரட்டைபோலத் தோன்றும் இந்தப் பரிமாற்றம், ஐம்பது ஆண்டு இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரே எழுத்துப் பதிவு. ‘ஜுகாட்’ என்று மேலாண்மைக் கல்வி நிலையங்கள் மேடைபோட்டுப் பாராட்டும் அறிவு இதுதான். அதைச் செய்தவனுக்கு மேடையும் கிடைப்பதில்லை, இப்போது தண்டனைப் பிரிவு மட்டும் கிடைத்திருக்கிறது.

இங்கே வர்க்கம் ஒளிந்திருக்கிறது. அசல் பாகம் என்பது இன்று பிரிட்டனிலிருந்து பவுண்டில் விலைகொடுத்து, விமான அஞ்சலுக்குக் கட்டி, சுங்கவரி செலுத்தி வாங்குவது. தூய்மைக்கு ஒரு விலைச்சீட்டு உண்டு. அதைக் கொடுக்க இயன்றவர் அசலாக இருப்பார். தாத்தா விட்டுப்போன காரை மாதச் சம்பளத்தில் பேணும் பள்ளி ஆசிரியர் ‘மாற்றியவர்’ ஆவார். கண்காட்சியில் காரின் முன்னால் வைக்கும் அட்டையைப் பாருங்கள். முதலில் வாங்கிய மன்னரின் பெயர் இருக்கும், வரவழைத்த விற்பனையகத்தின் பெயர் இருக்கும். அறுபது ஆண்டு அதை ஓடவைத்த மெக்கானிக்கின் பெயர் இருக்காது. அவர் செய்த வேலையைக் கழற்றி எறிந்து புதிதாக இறக்குமதி செய்த பாகத்தைப் பூட்டிவிட்டு அதை ‘மீட்டெடுத்தல்’ என்கிறார்கள்.

மறுபக்கத்து வாதம் ஒன்று வலுவானது. அதை ஒதுக்கிவிட முடியாது. மாற்றம் என்ற பெயரில் நாசம் நடந்திருக்கிறது. நல்ல கார்களின் கூரையை அறுத்துத் திறந்த காராக்கியிருக்கிறார்கள். சேஸிஸை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு காரின் எண்ணைச் சுரண்டி இன்னொன்றில் பொறித்து, சாதாரண மாடலைப் பந்தய மாடல் என்று விற்றிருக்கிறார்கள். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் தெருவை எழுப்பும் இளைஞர்களும் ‘மாடிஃபிகேஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தண்டனை வேண்டும். மோசடிக்கும் இரைச்சலுக்கும் ஏற்கெனவே சட்டமும் இருக்கிறது. சேஸிஸை அறுப்பது திரும்பப்பெற முடியாத சேதம். அதைத் தடுக்கும் விதி நியாயமானது. ஆனால் அறுத்தலையும் ஊசி மாற்றலையும் ஒரே வாக்கியத்துக்குள் வைத்துப் பூட்டியதால், நேர்மையானவரும் மோசடிக்காரரும் ஒரேமாதிரி மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். மறைப்பதில் மோசடிக்காரருக்கே பயிற்சி அதிகம்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. எக்ஸ்.கே. 120 என்ற பெயரிலுள்ள எண், மணிக்கு 120 மைல், அதாவது 193 கிலோமீட்டர் என்ற வேகத்தைக் குறிக்கும். அதை நிறுத்துவதற்கு நான்கு டிரம் பிரேக்குகள். தொடர்ந்து மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த குறை. ஜாகுவாரே அதை உணர்ந்து, டிஸ்க் பிரேக் பொருத்திய சி-டைப் காரில் 1953-இன் லீ மான்ஸ் பந்தயத்தை வென்றது; 1957-இல் வந்த எக்ஸ்.கே. 150-இல் டிஸ்க் பிரேக்கைக் கொடுத்தது. தம்பிக்குக் கிடைத்ததை அண்ணனுக்குப் பொருத்திக்கொள்ளும் உரிமையாளர், டெல்லி-ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் தம் உயிரை மட்டும் காக்கவில்லை. முன்னால் திடீரென்று குறுக்கிடும் டிராக்டர் ஓட்டுநரின் உயிரையும் காக்கிறார். பதிவுச் சான்றிதழில் பிரேக்கின் வகை இல்லை, ஆகவே இது குற்றமாகாது என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். மூல விவரக்குறிப்பு என்றால் முழுவதும்தான் என்று ஓர் ஆய்வாளர் சொல்லலாம். வழக்கில் தெளிவடையட்டும் என்று எந்த உரிமையாளர் தம் காரை முன்னால் நிறுத்துவார்?

வழி இல்லாமல் இல்லை. பழைய வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் இதை நிதானமாக அணுகியிருக்கிறது. ஒரு வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறே என்கிறது. பிற்காலத்தில் மாற்றவேண்டி வந்தால் பழைய அமைப்பையும் தோற்றத்தையும் ஒட்டி, கூடியவரை திரும்பப்பெறத்தக்கதாகச் செய்யவும், கழற்றிய முக்கிய பாகங்களை வண்டியோடு பாதுகாக்கவும், செய்ததை ஆவணப்படுத்தவும் சொல்கிறது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நல்ல ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடபேதங்களைத் துடைத்தழிக்கவில்லை, அடிக்குறிப்பில் வைத்தார். எந்தச் சுவடியில் எந்தச் சொல் என்று தெரிந்தால் படிப்பவன் முடிவுசெய்துகொள்வான். பேதமே இல்லாத ஒற்றைச் சுத்தப்பாடம் கையில் இருப்பதாகச் சொல்பவரைத்தான் ஐயுறவேண்டும்.

அந்த முறையில் ஒரு பதிவேடு போதும். விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிப்பவர், தம் வண்டியில் மாறியவற்றை எழுதித் தரட்டும்: எது, எப்போது, ஏன், யார் கையால். எரிபொருளுக்கும் பாதுகாப்புக்குமான மாற்றங்கள் இவை இவை என்று விதியிலேயே அட்டவணை வரட்டும். அவற்றை அறிவித்தவருக்கு அபராதம் இல்லை என்று எழுதட்டும். அறிவிக்காமல் மறைத்தவருக்கு இரட்டிப்பாக வாங்கிக்கொள்ளட்டும். ‘ஓவர்ஹால்’ என்ற சொல்லை அந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிடவேண்டும். அது அங்கே பிழையான சொல். ‘யார் கையால்’ என்ற கட்டத்தில் மெக்கானிக்கின் பெயரும் ஊரும் வரும். அரசு ஆவணமொன்றில் அப்பெயர்கள் முதன்முதலாக ஏறும் இடமாக அது இருக்கலாம்.

காலம் தாழ்த்த நேரமில்லை. ஐம்பது ஆண்டு என்ற கோட்டை இதுவரை தாண்டியவற்றுள் ஜாகுவார், எம்.ஜி. போன்ற இறக்குமதிக் கார்களே பேசப்பட்டன. வரிசை இப்போது உள்நாட்டுக் கார்களுக்கு வந்துவிட்டது. 1972-இல் தொடங்கி ஐந்தாண்டு மட்டும் வந்த ஸ்டாண்டர்டு கெஸல், 1970களின் நடுவில் பெயர்பெற்ற பிரீமியர் பத்மினி, அம்பாஸிடரின் மூன்றாம் மாடல். இவற்றுள் தொழிற்சாலை நிலையில் இருப்பதை விரல்விட்டு எண்ணலாம். சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுபாதையில் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் பந்தயம் ஓடிய நாட்களில், சனிக்கிழமை இரவு பட்டறையில் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரை மாற்றி, பின் இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஞாயிறு காலை ஓட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு ஹெரால்டு இன்று ஏதோவொரு கொட்டகையிலிருந்து வெளிவந்து, 20,000 ரூபாய்ச் சலானோடு மாநிலக் குழுவின் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீவிய ஹெட், பந்தயத் துளையிட்ட முன்பலகை, இருக்கை இல்லாத பின்பகுதி. பின் இருக்கையைப் புதிதாகத் தைத்துப் போட்டு, துளைகளை அடைத்து, 1960களின் விளம்பரப் படத்தில் உள்ளதைப்போல ஆக்கிக்கொண்டு வா, அப்போதுதான் இது அசல் என்று அந்தக் குழு சொல்லுமா? இன்றைய விதியின்படி அதற்குச் சொல்லத் தெரிந்த விடை அது ஒன்றுதான்.